ஸ்டேஜ் 3 கிளட்ச்சும் ஒரு இடது காலும்

"மச்சி, ஸ்டேஜ் 3 போட்டாச்சு!"

காரை ரீமேப் செய்த பையன்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். அடுத்து என்ன கேட்க வேண்டும்? எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், பிளேட்டில் என்ன மெட்டீரியல், ஃப்ளைவீல் என்ன எடை என்று கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. "செம்ம மச்சி, எவ்ளோ ஆச்சு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் அன்றைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து காந்திபுரம் சிக்னலில் இடது முழங்கால் வலிக்கும்போதுதான் முழு பில்லும் கைக்கு வரும்.

விஷயம் இவ்வளவுதான். ரோட்டில் ஓடும் காருக்கு, அந்த இன்ஜினின் டார்க்கைத் தாங்கக்கூடிய கிளட்ச்களில் எது மிகச் சின்னதோ, எது மிக மென்மையானதோ அதுதான் சரியான கிளட்ச். அதற்கு மேல் வாங்குவது பலம் அல்ல, கடன். வட்டி கட்டுவது இடது காலும் கியர்பாக்ஸும்.

முதலில் இந்த "ஸ்டேஜ்" சமாச்சாரம். இது ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி ஏதோ ஒரு தர அளவு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் கேட்டலாகுக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. ஜப்பானின் எக்ஸெடி "ஸ்டேஜ் 1" என்றால் ஆர்கானிக் பிளேட், "ஸ்டேஜ் 2" என்றால் செராமிக் கலந்த உலோகப் பட்டன்கள். அமெரிக்காவின் ஸ்பெக் "ஸ்டேஜ் 2" என்றால் கெவ்லர் பிளேட். எண் ஒன்றுதான். ஆனால் ஒன்று நெரிசலில் சாதுவாக நகரும், இன்னொன்று காலை எடுத்ததும் வண்டியை உதறும். இரண்டு கம்பெனிகள் "நிகர லாபம்" என்ற வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? இங்கே மட்டும் எண்ணைப் பார்த்தே காசை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

அடுத்த மூடநம்பிக்கை குதிரைத்திறன். "என் வண்டி 150 குதிரை, அதனால் பெரிய கிளட்ச் வேணும்" என்பது. கிளட்ச்சுக்குக் குதிரையைத் தெரியாது, அதற்குத் தெரிந்தது டார்க் மட்டும்தான். இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரின் ஆரம்பகால அமெரிக்க மாடலில் 240 குதிரை, டார்க் சுமார் 207 நியூட்டன் மீட்டர். இந்தியாவில் 2014ல் வந்த 1.5 லிட்டர் போலோ ஜிடி டிடிஐ வெறும் 105 குதிரை, டார்க்கோ 250 நியூட்டன் மீட்டர். எஸ்2000 தன் டார்க்கின் உச்சத்தை 7500 ஆர்பிஎம்மில் தொடுகிறது, போலோ 1500லேயே தொட்டுவிடுகிறது. குதிரை பாதிக்கும் குறைவாக இருந்தும் போலோவின் கிளட்ச்சுக்குத்தான் சுமை அதிகம். டீசல் காரை ரீமேப் செய்ததும் கிளட்ச் நழுவ ஆரம்பிப்பதன் ரகசியமும் இதுதான்.

கிளட்ச் தாங்கும் டார்க்கைக் கணக்கிடப் பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். உதாரணமாக உராய்வு 0.3, அழுத்தம் 5000 நியூட்டன், ஆரம் 0.1 மீட்டர், ஒரே பிளேட் என்பதால் முகங்கள் 2. பெருக்கினால் 300 நியூட்டன் மீட்டர். இதைக் கூட்ட இந்த நான்கைத் தவிர வேறு வழி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

ஆரத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டுக்குள் இடம் இருக்காது. அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். அது மட்டும் அல்ல. பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்க் ஷாஃப்ட்டை நீளவாக்கில் தள்ளுகிறது. அதைத் தாங்குவது இன்ஜினுக்குள் இருக்கும் சின்ன த்ரஸ்ட் பேரிங். சிக்னலில் கியரைப் போட்டு பெடலை மிதித்தபடியே நிற்பவர்கள் அந்தப் பேரிங்கைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உராய்வைக் கூட்டினால், அதாவது செராமிக் பட்டன் பிளேட் போட்டால், பாதி பிடி என்பதே இருக்காது. விட்டால் விட்டது, பிடித்தால் பிடித்தது. முகங்களைக் கூட்டி இரட்டை பிளேட் போட்டால் மிதிக்க மென்மையாக இருக்கும், நன்றாகவும் தாங்கும். ஆனால் விலை எகிறும், பல செட்களில் பெடலை மிதித்தால் தகர டப்பா சத்தமும் இலவசம் :-)

"ரேஸ் கார்ல இதைத்தானே போடுறாங்க?" என்பார்கள். போடுகிறார்கள்தான். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ரேஸ் என்றால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது ஒரே ஒரு தடவை. பிறகு கொடி ஆட்டும்வரை வண்டி நிற்காது. அதே கிளட்ச்சை மாட்டிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறட்டும். 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு அரசுப் பேருந்து, பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு ஜீப். மேட்டில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒன்று வண்டி ஆஃப் ஆகும், இல்லை பின்னால் உருளும், இல்லை தவளை மாதிரி குதிக்கும். வீட்டில் அம்மாவோ அக்காவோ அந்தக் காரை ஓட்டுபவர்களாக இருந்தால், அன்றிலிருந்து அது அவர்களுக்கு இல்லாத கார். குடும்பத்தின் காரை ஒருவனின் பொம்மையாக மாற்றிவிட்டு அதற்கு "அப்கிரேட்" என்று பெயர் வைப்பது கொஞ்சம் ஓவர்.

இனி ஃப்ளைவீல். இதில்தான் புளுகு அதிகம். "லைட் ஃப்ளைவீல் போட்டா 10 குதிரை ஏறும்" என்று சொல்லி விற்கிறார்கள். ஃப்ளைவீல் பவரை உண்டாக்காது, உண்டான பவரைச் சேமித்து வைக்கும் உண்டியல் அது. எடை குறைந்தால் இன்ஜின் சீக்கிரம் சுற்றும், அவ்வளவுதான். ஒரு ரோலரை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறது என்று அளக்கும் டைனோவில் ஏற்றினால் எண் கூடித் தெரியும். ஏனென்றால் ஃப்ளைவீலைச் சுழற்றச் செலவான பவர் இப்போது ரோலருக்குப் போகிறது. ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தி அளந்தால் ஒரு குதிரைகூட ஏறியிருக்காது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஃப்ளைவீலில், மையத்திலிருந்து சராசரியாக 10 சென்டிமீட்டர் தூரத்தில் 4 கிலோ குறைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில் மொத்த விகிதம் 13, டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர். காரின் எடையில் சுமார் 75 கிலோ குறைந்த மாதிரி இருக்கும். ஒரு ஆளை இறக்கிவிட்ட மாதிரி! சந்தோஷம்தான். ஆனால் மொத்த விகிதம் 4 ஆக இருக்கும் மேல் கியரில் அதே கணக்கு வெறும் 7 கிலோ. டிக்கியில் இருக்கும் இரண்டு பைகளை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலே போதும். ஆக, லைட் ஃப்ளைவீலின் லாபம் முழுக்க முதல் இரண்டு கியர்களில் இருக்கிறது. அதே முதல் கியரில்தான், நெரிசலில் வண்டி ஆஃப் ஆகாமல் காப்பாற்றக் கனமான ஃப்ளைவீலின் உண்டியலும் தேவைப்படுகிறது. லாபமும் நட்டமும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட கணக்கு இது.

இரட்டை நிறை ஃப்ளைவீல் கதை தனி. 1985ல் லுக் கம்பெனி பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தது. இரண்டு துண்டுகள், நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள். இன்ஜினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்குகள் விழுங்கிவிடும். பல டீசல் கார்களில் இதுதான் இருக்கிறது. இது தேய்ந்ததும், புதிது விலை அதிகம் என்று ஒற்றைத் துண்டு ஃப்ளைவீலுக்கு மாறுகிறார்கள். மாறுவது பாவம் இல்லை. ஆனால் ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட் சேர்ந்து வர வேண்டும், ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடவென்று பேசும், குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்தால் வண்டி முழுக்க அதிரும் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு விற்க வேண்டும். சொல்லாமல் விற்பது வியாபாரம் இல்லை, ஏமாற்று.

எல்லாவற்றையும்விட மோசமான காரியம் ஒன்று உண்டு. கம்பெனி ஃப்ளைவீலையே லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து எடையைக் குறைப்பது. காசு மிச்சம் என்று பெருமை வேறு. 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃப்ளைவீல் 7000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் உள்ளே இழுக்கும் விசை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்குவதில் பலவீனம். தவறான இடத்தில் கடைந்த வார்ப்பிரும்பு வெடித்தால் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அது இருப்பது ஓட்டுபவரின் பாதத்திலிருந்து சில அடி தூரத்தில். அமெரிக்க டிராக் ரேஸ்களை நடத்தும் என்எச்ஆர்ஏ, வேகமான கார்களுக்கு எஸ்எஃப்ஐ சான்று பெற்ற ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் கட்டாயமாக்கியிருப்பது அழகுக்காக அல்ல. குறைந்த எடை வேண்டும் என்றால் அதற்காகவே செய்த ஸ்டீல் ஃப்ளைவீலை வாங்க வேண்டும். காசு இல்லை என்றால் கம்பெனி ஃப்ளைவீலோடு சந்தோஷமாக ஓட்ட வேண்டும்.

"பின்னாடி இன்னும் பவர் ஏத்துவோம், இப்பவே பெருசா போட்டுட்டா ரெண்டாவது தடவ கியர்பாக்ஸ் இறக்க வேண்டாமே" என்ற வாதம் மட்டும் கேட்க நியாயமாக இருக்கிறது. கியர்பாக்ஸ் இறக்கும் கூலி பெரிய செலவுதான். ஆனால் இந்தப் "பின்னாடி" பெரும்பாலும் வருவதே இல்லை. வராத வருமானத்தை நம்பி இன்றைக்கே வட்டி கட்டுவதற்குப் பெயர் முதலீடு அல்ல. இன்னொன்றும் உண்டு. அளவான கிளட்ச் ஒரு ஃப்யூஸ் மாதிரி. தாங்க முடியாத அதிர்ச்சி வந்தால் நழுவிக்கொடுக்கும். நழுவவே நழுவாத கிளட்ச் போட்டால் அதே அதிர்ச்சி கியர் பல்லுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் போகும். கிளட்ச் செட்டைவிட கியர்பாக்ஸ் விலை அதிகம் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியானால் எப்படித்தான் வாங்குவது? முதலில் தேவையா என்று பார்க்க வேண்டும். காலியான ரோட்டில், மேல் கியரில், குறைந்த ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்தால் முள் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. நழுவவில்லையா? கம்பெனி கிளட்ச்சே போதும், கடையைவிட்டு நடையைக் கட்டலாம். நழுவினால், ரீமேப்புக்குப் பிறகு இன்ஜின் தரும் டார்க் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதற்கு மேல் 20 முதல் 30 சதவீதம் தாங்கும் ஆர்கானிக் செட்டை முதலில் தேட வேண்டும். 320 நியூட்டன் மீட்டர் என்றால் 400 தாங்குவது தாராளம். கேட்டலாகில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகள் பவுண்டு அடியில் எழுதுவார்கள், அவர்களின் 300 என்பது இங்கே 407 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிட வேண்டும். ஃப்ளைவீல் போல்ட் புதிதாக வேண்டுமா என்று காரின் மேனுவலில் பார்க்க வேண்டும், பல கார்களில் அவை ஒருமுறை முறுக்கினால் தீர்ந்தது. மாட்டிய பிறகு முதல் 800 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்ட வேண்டும். புது பிளேட் படிந்து உட்காருவதற்குள் பறக்கவிட்டு எரித்துவிட்டு, கம்பெனியைத் திட்டுபவர்களுக்கு மருந்து கிடையாது.

இதில் ஒன்றும் வீரம் இல்லைதான். டீக்கடையில் சொல்லிக்கொள்ள "ஸ்டேஜ்" எண்ணும் இருக்காது. ஆனால் வால்பாறை மேட்டில் பேருந்துக்குப் பின்னால் நின்று, பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிக்கும் முன்பே வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பும். பக்கத்து சீட்டில் தூங்கும் அம்மா கண் திறக்க மாட்டார். நல்ல கிளட்ச் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தக் கேட்டலாகிலும் இல்லை.