பறித்தேன், பறித்தோம், பறிக்கப்பட்டது

சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், மஸ்கெலியாவுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் தந்தையார் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்த தோட்டம். நான் பிறந்த வீடு இப்போது கூரையின்றி நிற்கிறது. அதைப் பற்றிப் பிறிதொரு நாள் எழுதுவேன். மழை பிடித்துக்கொண்டதால் ஒரு லயத்து வாசலில் ஒதுங்கினேன். அங்கே படியில் அமர்ந்து ஓர் இளைஞர் அப்பியாசக் கொப்பியில் கோடு கிழித்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் ஸ்பானிய மொழி!

அவர் வழிகாட்டி. டிசம்பர் போயா முதல் மே மாத வெசாக் வரையில் நல்லதண்ணியிலிருந்து வெளிநாட்டாரை மலைக்கு அழைத்துச் செல்கிறார். மற்ற மாதங்களில் எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் ஓட்டம். ஆங்கிலம் பேசும் வழிகாட்டிகள் மலிந்துவிட்டார்களாம். ஸ்பானியம் தெரிந்தால் தனி மதிப்பு என்று யாரோ சொல்லக்கேட்டுத் தொலைபேசியின் துணையோடு தாமே படிக்கிறார்.

கொப்பியில் இருந்தது 'அப்லார்' என்னும் வினை. பேசுதல் என்று பொருள். ஒழுங்கான வினைக்குப் பாடநூல்கள் முதலில் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அப்லோ, நான் பேசுகிறேன். அப்லாஸ், நீ பேசுகிறாய். அப்லா, அவன் அல்லது அவள் பேசுகிறாள். அப்லாமோஸ், நாம் பேசுகிறோம். இப்படி ஆறு கட்டங்கள். இறந்தகாலத்துக்கு இரண்டு பட்டியல்கள், எதிர்காலத்துக்கு ஒன்று, பேசினால், பேசியிருந்தால் என்பனவற்றுக்கு வேறு. விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்வதற்குத் தனியாக ஒரு பட்டியல். "எல்லாத்தையும் மனனம் பண்ணணும் ஐயா" என்று பெருமூச்சு விட்டார். "தமிழ் இவ்வளவு கஷ்டமில்லையே?" என்றும் கேட்டார். எழுதிப் பார்த்தால்தானே தெரியும்! நாம் பிறந்தது முதல் பேசிவருவதால் நம் வினைகளின் சிக்கல் நமக்குத் தெரிவதில்லை.

உள்ளேயிருந்து அவருடைய அப்பாயி வந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். என் தந்தையாரின் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். பேரனின் கொப்பியைக் காட்டி, "முந்தி சின்னத்தொரைமாரும் இப்படித்தான் பொஸ்தகம் வச்சிக்கிட்டு நம்ம பாஷையப் படிச்சாங்க" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதனை எழுதுகிறேன்.

துரைமார் படித்த புத்தகங்கள் உண்மையில் உண்டு. கொழும்பில் ஃபெர்குசன் நிறுவனத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட சின்னத்துரைகளின் கையடக்கத் தமிழ் வழிகாட்டிக்குப் பெயரே 'இங்கே வா'. 1915ஆம் ஆண்டில் வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்னும் தலைப்பில், தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கு விளங்கும் தமிழைத் துரைமாருக்குக் கற்பிக்க ஒரு நூல் வெளியிட்டார். ஒரு மொழியின் பெயருக்கு முன்னால் 'கூலி' என்று போட்டு விற்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. வாங்கியவர்களுக்கும் அதில் விகற்பம் தோன்றவில்லை. ஆயினும் அந்தத் தலைப்பைக் காட்டிலும் 'இங்கே வா' என்பதே என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது.

ஸ்பானிய அகராதியைத் திறந்தால் 'அப்லார்' என்றிருக்கும். அது 'பேசுதல்', யாருக்கும் இடப்பட்ட கட்டளையன்று. தமிழ் அகராதியில் வினை தன் பகுதியாகவே நிற்கிறது: பேசு, நட, எடு, பறி. தமிழில் வினைப்பகுதி எதுவோ அதுவே ஏவல் ஒருமை. ஆகவே தமிழ் இலக்கணத்தில் ஓரெழுத்தும் கற்காத ஒருவர், அகராதிச் சொற்களை மட்டும் மனனம் செய்துகொண்டு மற்றொருவரை ஏவிவிடலாம். ஆனால் "நான் வந்தேன்" என்று தன்னைப் பற்றிச் சொல்வதற்குக் காலம் காட்டும் இடைநிலை வேண்டும், தன்மை விகுதி வேண்டும். "நாம் பேசுவோம்" என்று இன்னொருவரையும் சேர்த்துக்கொள்வதற்குப் பன்மை விகுதி வேண்டும். "வாருங்கள்" என்று மரியாதை காட்டவும் ஒரு விகுதி வேண்டும். கற்பவன் ஏவலோடு நின்றுவிட்டால் அவன் கற்றது அதிகாரம் மட்டுமே.

ஸ்பானியர் மரியாதைக்கு வைத்திருக்கும் ஏற்பாடு சுவையானது. நண்பனிடம் "பேசு" என்பதற்கு 'அப்லா'. பெரியவரிடம் "பேசுங்கள்" என்பதற்கு 'அப்லே'. அது ஏவற் பட்டியலைச் சேர்ந்ததன்று, விருப்பத்தைச் சொல்லும் பட்டியலிலிருந்து படர்க்கை வடிவில் இரவல் வாங்கியது. "அவர் பேசுவாராக" என்பது போல. நம்முடைய வியங்கோளைத் தொல்காப்பியர் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியதன்று என்று ஒதுக்கிப் படர்க்கைக்கு வைத்தார். நன்னூலார் எல்லா இடத்துக்கும் திறந்துவிட்டார். எதிரே நிற்பவரை மதிக்க வேண்டுமானால் கட்டளையை விட்டு வேண்டுகோளுக்குப் போக வேண்டும் என்னும் எண்ணம் இரு மொழிக்காரருக்கும் பொது.

தோட்டத்திலும் மரியாதை வடிவம் தெரியாமல் இல்லை. அது ஒரு திசையில் மட்டுமே போயிற்று. மேலே பார்த்துப் பேசும்போது "தொரை வாராங்க", "தொரை சொன்னாங்க". கீழே பார்த்துப் பேசும்போது "வா", "போ", "எடு". துரை வெள்ளைக்காரர் என்பதற்காக அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் என் தந்தையார் செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு, தம் தாயின் வயதுள்ள பெண்களை "நீ அந்த மலைக்குப் போ" என்று சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் முரடர் அல்லர்; வீட்டில் அதிர்ந்து பேசாதவர். நிறுத்த கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார். முழு நாள் வேலை செய்தவரின் பெயரில் பாதியை வெட்டிவிடும் அந்தச் சொல்லும் எங்கள் வீட்டில் உப்பு, புளி போலப் புழங்கியது.

இது பழங்கதை என்று நினைப்போருக்காக ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு முதிய பெண்மணி, காதில் தோடு கழற்றிய துளை, கையில் கொழுந்துக் கறை. உள்ளேயிருந்த இளம் உத்தியோகத்தர் சிங்களவர். தமிழிலேயே, "இங்க வா. கையெழுத்து வை. போ" என்றார். முகத்தில் கடுமை இல்லை. தமிழில் பேச முடிந்ததே என்னும் மகிழ்ச்சிகூடத் தெரிந்தது. அடுத்து நான் போனதும், என் உடுப்பைப் பார்த்து, சிங்களத்துக்கு மாறி மிகுந்த மரியாதையோடு உட்காரச் சொன்னார்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி அரசகரும மொழியானது. நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. 2007இல் வந்த சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச ஊழியர்கள் ஐந்தாண்டுக்குள் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பேச்சுச் சிங்களத்தில் வினை, இடத்துக்கு ஏற்பத் திரிவதில்லை. "மம யனவா, ஒயா யனவா, எயா யனவா": நானும் நீயும் அவரும் போவதற்கு ஒரே 'யனவா' போதும். அப்படிப்பட்ட மொழியிலிருந்து வருகிறவருக்குத் தமிழ் விகுதிகள் பெருங்காடு. வெறும் பகுதியே கைக்கு எளிதாக அகப்படும். அதே வேளையில், ஒருவரைப் போகச் சொல்வதற்கு 'யன்ன' என்பதற்கும் 'பலயன்' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை எந்தச் சிங்களக் குழந்தையும் அறியும். "தமிழில் 'போ' என்று முதியவரிடம் சொன்னால் அது 'பலயன்' பக்கம் சாயும்" என்று முதல் நாள் பாடத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இளைஞர் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். உத்தியோகத்தருக்குத் தமிழ் கற்பிப்பவர்கள் 'வாருங்கள், இருங்கள், சொல்லுங்கள்' என்பதில் தொடங்க வேண்டும். 'வா, போ' எல்லாம் பிறகு தாமாகவே வந்துவிடும்.

இனி என் தொழிலின் குற்றத்துக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதியவன், மற்றவர் எழுதியதைத் திருத்தியவன். மலையக மக்களைப் பற்றி நாங்கள் எழுதிய வினைகள் எவை? கொண்டுவரப்பட்டனர். குடியேற்றப்பட்டனர். நாடற்றவராக்கப்பட்டனர். துரை ஏவல் வினையில் நிறுத்தியவர்களை நாங்கள் இரக்கத்தோடு செயப்பாட்டுவினைக்கு மாற்றி வைத்தோம். இரண்டிலும் அவர்கள் எழுவாயாக நின்று எதையும் செய்யவில்லை.

'பறி' என்பதை எடுத்துக்கொள்வோம். திரிபில்லாத நல்ல வினை. பறிக்கிறேன், பறித்தேன், பறிப்பேன் என்று பாடநூலுக்கு ஏற்ற ஒழுங்கு. கொழுந்தையும் பறிக்கலாம், உரிமையையும் பறிக்கலாம். "1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது, 1949இல் வாக்குரிமை பறிக்கப்பட்டது" என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! பொய்யில்லை. ஆனால் பறித்தவர் யார்? செயப்பாட்டுவினையின் வசதியே அதுதான். செய்தவரைச் சொல்லாமல் வாக்கியத்தை முடித்துவிடலாம். செய்வினையில் எழுதினால், டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் பறித்தது. நாடாளுமன்றத்தில் அரசாங்கத்தோடு சேர்ந்து கைதூக்கிய தமிழ் உறுப்பினர்களும் பறித்தார்கள். வடக்கிலும் கொழும்பிலும் இருந்த தமிழ் வாசகர்களுக்கு அந்த எழுவாய் கசந்திருக்கும். நாங்கள் அதைத் தவிர்த்தோம்.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையை நினைத்துப் பாருங்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அந்தப் பிறகு 1974இல் வந்தது. இரு நாடுகளும் 75,000 பேராகப் பிரித்துக்கொண்டன. அப்பாயியின் தம்பி குடும்பம் அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனது, அங்கேயும் தேயிலைதான். "போகச் சொன்னாங்க, போனான்" என்றார். ஏவலும் இறந்தகாலமும் அடுத்தடுத்து.

பெயர்களைச் சொல்லி, எழுவாயோடு எழுதக்கூடிய வரலாறும் இருக்கவே செய்கிறது. 1931இல் ஹட்டனைத் தளமாகக்கொண்டு நடேசய்யர் தொழிற்சங்கம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள்; பொலிஸார் சுட்டார்கள்; கோவிந்தன் இறந்தார். 2023இல், மலையகத்துக்கு மக்கள் வரத் தொடங்கி 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூரத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்த அதே திசை. திரும்பி வந்தவர்களுள் ஒருவரிடம் பேசியபோது அவர் "நடந்தோம்" என்று சொன்னார். பத்திரிகைகளில் வந்த தலைப்புகளுள் சில "நடைபவனி மேற்கொள்ளப்பட்டது" என்றிருந்தன. பழக்கம் எங்களை விடுவதில்லை.

மழை விட்டது. அந்த இளைஞரின் கொப்பியில் ஸ்பானியக் கட்டங்களுக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கவே, தமிழுக்கும் ஒரு பட்டியல் உண்டென்று காட்ட அங்கே 'பறி' என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டு நிரப்பிக் கொடுத்தேன். மூன்று காலம், தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை, பன்மை, மரியாதை, எதிர்மறை, பக்கம் போதவில்லை. அவர் உரக்க வாசித்தார். அப்பாயி வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நாங்க கொழுந்து எடுக்குறோம்னுதான் தம்பி சொல்லுவோம். பறிக்கிறதெல்லாம் பேப்பர்க்காரவங்க எழுதுறது."