மான் கறியும் வெள்ளாட்டுக் கறியும்

காட்டில் ஓடித் திரிந்த விலங்கின் கறி மருந்து, பட்டியில் வளர்த்ததன் கறி நோய் என்கிறார்கள். பழைய பேச்சுதான். முன்பு வேட்டைக்குப் போய் வந்தவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னதை, இப்போது கற்கால மனிதரைப்போல் உண்ணச் சொல்லும் பேலியோ உணவுமுறைக்காரர்கள் கொழுப்பு, இரும்பு, ஒமேகா-3 என்று கணக்கோடு சொல்கிறார்கள். கணக்கு என்று வந்துவிட்டபின் கணக்காகவே பார்த்துவிடலாம்.

இந்தக் கணக்கு புறப்பட்ட இடம் அமெரிக்கா. 1985-இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இருவர் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் கற்கால மனிதரின் உணவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். காட்டு விலங்கின் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு, அமெரிக்கச் சந்தை இறைச்சியில் மிக அதிகம் என்று அதில் காட்டினார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தை மாடு எப்படிப்பட்டது? கடைசிச் சில மாதங்கள் அடைத்துவைத்து, மக்காச்சோளத்தைக் கொட்டித் தீனி போட்டு, தசைக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு படரும்வரை கொழுக்கவைத்த மாடு. காலையில் அவிழ்த்துவிட்டால் பொழுது சாயும்வரை வேலங்காயும் வேப்பந்தழையும் தேடி அலைகிற நம் வெள்ளாட்டுக்கும் அதற்கும் என்ன உறவு? அங்கே போட்ட ஒப்பீட்டை அப்படியே தூக்கிவந்து இங்கே நம் கறிக்கடை வாசலில் மாட்டிவிட்டார்கள்.

சரியான ஒப்பீடு மானுக்கும் வெள்ளாட்டுக்கும்தான். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச்சத்து அட்டவணையிலேயே இரண்டும் இருக்கின்றன. 100 கிராம் பச்சை மான் கறியில் புரதம் சுமார் 23 கிராம், கொழுப்பு 2.4 கிராம், இரும்பு 3.4 மில்லிகிராம். வெள்ளாட்டுக் கறியில் புரதம் 20.6 கிராம், கொழுப்பு 2.3 கிராம், இரும்பு 2.8 மில்லிகிராம். கொழுப்பில் வெள்ளாடு ஒரு மயிரிழை முந்துகிறது, இரும்பில் மான் கொஞ்சம் முந்துகிறது. இரண்டு கவளம் கேழ்வரகுக் களியில் சரிக்கட்டிவிடக்கூடிய வித்தியாசம் இது. காட்டுப்பன்றிக்கும் இதே கதைதான். அதன் கறியில் கொழுப்பு 3.3 கிராம் என்றால், பண்ணைப் பன்றியின் முதுகெலும்பை ஒட்டிய மெல்லிய சதையில் அதைவிடக் குறைவு. பன்றிக்கறிக்குக் கொழுப்பு என்ற கெட்டபெயர் வந்தது வாரும் தோலும் சேர்த்துத் தின்பதால்; காட்டுப்பன்றியையும் அப்படித்தானே தின்கிறார்கள்?

‘காட்டுக்கறியில் கொலஸ்ட்ராலே கிடையாது’ என்பது அடுத்தது. அதே அட்டவணையில் மான் கறிக்கு 85 மில்லிகிராம், வெள்ளாட்டுக்கு 57. கொழுப்பு குறைந்தால் கொலஸ்ட்ராலும் குறையும் என்று நினைத்துக்கொள்வதால் வருகிற குழப்பம் இது. தசையில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கிறது. எவ்வளவு கொழுப்பை வெட்டி எறிந்தாலும் அது போகாது.

அவர்கள் பக்கம் உண்மையிலேயே வலுவான சான்று ஒன்று உண்டு: முயல். காட்டு முயலில் கொழுப்பு 2.3 கிராம், கூண்டில் வளர்த்ததில் 5.5. இரும்பு முன்னதில் 3.2 மில்லிகிராம், பின்னதில் பாதிதான். ஓடும் தசைக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், அதைப் பிடித்துவைக்கும் இரும்புள்ள புரதமும் அதிகம் வேண்டும். காட்டுக்கறி கருஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடமில்லை. ஆனால் இந்த ஆதாயத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு ஒன்றரை மில்லிகிராம் சொச்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைத்திருக்கிறது. ரத்தசோகைக்கு இரும்பு வேண்டுமென்றால் கறிக்கடைக்காரரிடம் ஈரல் கேட்டால் போதும்: செம்மறி ஈரலில் 100 கிராமுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல், மான் கறியைப்போல் இரு மடங்கு. பி12-இலோ எந்தச் சதைக்கறியும் ஈரலுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

ஒமேகா-3 விஷயத்துக்கு வருவோம். பேலியோ உணவுமுறையைப் பரப்பிய லோரன் கோர்டெய்னே 2002-இல் தன் குழுவோடு வட அமெரிக்க மான் இனங்களின் கொழுப்பை ஆராய்ந்தார். அந்தக் கொழுப்பின் சேர்மானம் புல்மேய்ந்த மாட்டின் கொழுப்பை ஒத்திருந்தது. தானியம் தின்ற மாடுதான் விலகி நின்றது. ஆக, நல்ல கொழுப்பைக் கொடுத்தது மேய்ச்சல். மேய்ப்பவன் பின்னால் போனாலும் போகாவிட்டாலும் புல் ஒன்றுதான். இன்னொன்றையும் இவர்கள் சொல்வதில்லை. மொத்தக் கொழுப்பே இரண்டரை கிராமுக்குள் இருக்கும் கறியில் ஒமேகா-3 எவ்வளவு இருந்துவிடும்? ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. மத்தி மீனில் 100 கிராமுக்கு ஒரு கிராமை ஒட்டிக் கிடைக்கிறது. மத்தியும் யாரும் வளர்க்காத, கடலில் தானே திரிகிற உயிர்தான். காட்டுக்கறிப் பிரியர்கள் ஏனோ அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மலிவாகக் கிடைப்பதாலோ என்னவோ.

வெளிநாட்டுக் கடைகளில் மான் கறி வாங்கித் தின்று காட்டின் சத்தை உணர்ந்ததாகச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல். நியூசிலாந்தில் 1970-களிலிருந்து மானைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். அங்கிருந்து ஏற்றுமதியாகும் மான் கறியில் பெரும்பகுதி வேலிக்குள் வளர்ந்தது. அதுவும் கொழுப்புக் குறைந்த கறிதான்.

கொழுப்பில்லாமை எப்போதும் நல்லதா என்பதே ஒரு கேள்வி. வடதுருவப் பகுதியில் இன்யூட் மக்களோடு வாழ்ந்த வில்ஹால்மர் ஸ்டெஃபான்சன் 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் கண்காணிக்க இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்து காட்டினார். தொடக்கத்தில் கொழுப்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்து படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். வடக்கே வேட்டையாடி வாழ்ந்தவர்கள் இதை ‘முயல் பட்டினி’ என்றே அறிந்திருந்தார்கள்: வயிறு நிறைய முயல் தின்றும் மெலிந்து சாவது. வேட்டைச் சமூகங்கள் விலங்கின் கொழுப்பையும் எலும்பு மஜ்ஜையையும்தான் முதலில் தேடின. ‘கொழுப்பே இல்லை, எவ்வளவு நல்லது’ என்று அவர்களிடம் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

கடைசியாக ‘சுத்தம்’ என்ற வாதம். மருந்தில்லாத கறி என்கிறார்கள். பாதி சரி. பிராய்லர் பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலந்தது உண்மை. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019-இல் இந்தியாவில் தடைசெய்ய வேண்டிய நிலை வந்தது. (ஹார்மோன் ஊசிக் கதை மட்டும் கட்டுக்கதை. பிராய்லர் ஆறு வாரத்தில் வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்.) ஆனால் பிராய்லரின் குற்றத்துக்கு மான் எப்படித் தீர்வாகும்?

காட்டிலிருந்து வருவதில் என்னென்ன கூட வருகிறது என்று பாருங்கள். 2022-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கூடிக் கரடிக் கறியைச் சுட்டுத் தின்றது. 45 நாள் உறைபெட்டியில் வைத்திருந்த கறி. கருஞ்சிவப்புக் கறி என்பதால் வெந்ததா வேகவில்லையா என்று தெரியவில்லை. ஆறு பேருக்கு டிரைக்கினெல்லா புழு தொற்றியது. அதில் இருவர் கறியையே தொடவில்லை, கறியோடு சேர்த்து வாட்டிய காய்கறியை மட்டும் தின்றவர்கள். ஜப்பானில் பச்சையாக மான் கறி தின்றவர்களுக்கு ஹெபடைடிஸ்-ஈ வந்ததை 2003-இல் ‘லான்செட்’ வெளியிட்டது. நம் ஊர்க் குழம்பில் கொதிக்கக் கொதிக்க வெந்தபின் புழுவும் கிருமியும் பிழைக்காதுதான். ஈயம் வேகாதே! துப்பாக்கிக் குண்டு எலும்பில் பட்டுச் சிதறினால் கண்ணுக்கும் பல்லுக்கும் தெரியாத ஈயத் துணுக்குகள் காயத்தைத் தாண்டியும் பரவுகின்றன. 2008-இல் வடக்கு டகோட்டா மாநிலம், வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கென்று தானம் தந்த மான் கறியை இதற்காகவே நிறுத்திவைக்கச் சொன்னது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இத்தகைய கறியைத் தவிர்ப்பது நல்லது என்று பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2012-இல் அறிவுரை தந்தது.

அங்கே உரிமம் பெற்ற வேட்டை. இங்கே 1972-இன் வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுப்பதால் எல்லாம் இருட்டில் நடக்கிறது: நாட்டுத் துப்பாக்கி, சுருக்குக் கம்பி, மின்வேலி, கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய், சில இடங்களில் பூச்சிமருந்து கலந்த இரை. சுருக்கில் சிக்கி இரவெல்லாம் திமிறிச் சாகும் விலங்கின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. இறந்தபின் கறியில் ஊற வேண்டிய லாக்டிக் அமிலம் போதிய அளவு ஊறுவதில்லை. கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெடுகிறது. ரத்தம் வடியவிட்டு உடனே குடலை எடுக்கவும் யாருக்கும் நேரமிருப்பதில்லை. கறிக்கடையில் ஆட்டை அறுத்து உரித்துத் தொங்கவிடுகிறார்களே, கெடுகிற வேகத்தைக் குறைக்கும் வேலை அது.

உடும்பு ரத்தம் நரம்புக்கு வலு என்பதற்குச் சத்துக் கணக்கில் ஒரு வரிகூட ஆதாரமில்லை. மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைக்கு மட்டும் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறது.

எங்கள் பாட்டனார் வேட்டைக்கறி தின்றுதான் வைரம்பாய்ந்து இருந்தார் என்பவர்களிடம், அவர் அதை எத்தனை நாள் தின்றார் என்று கேட்கலாம். சிவராத்திரியை ஒட்டி ஊர் கூடிப் போகும் பாரி வேட்டையில் கிடைத்ததை ஊருக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு ஒரு கை கறி தேறும். மற்ற நாளெல்லாம் அவர் தட்டில் இருந்தது கம்பும் கேழ்வரகும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச்சத்து உண்டு. மான் கறியில் அது பத்தைத் தொடாது.