நரேன் கார்த்திகேயன் வெறும் அஞ்சு பாயிண்ட்தானா?

நரேன் கார்த்திகேயன் என்றதும் எங்கள் கேம்ப் ரோடு டீக்கடை செட்டில் வரும் பதில் ஒன்றுதான். "ஃபார்முலா ஒன்ல கடைசியா ஓட்டிட்டு வருவாரே, அவரா?" செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போவதற்குள் ஆறு பேரை இடிக்கப் பார்க்கும் ஆசாமிகள் சொல்வது இது!

பி.காம் படிக்கிறவனுக்கு இந்தப் பேச்சு உறுத்துகிறது. பத்துக் கிளை உள்ள கம்பெனியில் ஒரே ஒரு கிளையின் லெட்ஜரைப் புரட்டிவிட்டு "கம்பெனி நஷ்டம்" என்று எழுதினால் ஆடிட்டிங் பேப்பரில் முட்டைதான்.

ஃபார்முலா ஒன் கிளையையே முதலில் பார்ப்போமே. 2005-ல் ஜோர்டான் அணி. அந்த வருஷம் இண்டியானாபோலிஸில் டயர் பிரச்சினையால் மிஷலின் டயர் போட்ட 14 கார்கள் விலகிக்கொள்ள, மிச்சம் ஓடியது ஆறு. நரேன் நாலாவது. அதில் வந்ததுதான் அந்த ஐந்து பாயிண்ட். பெரிய சாதனை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இன்றுவரை ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த பாயிண்ட் அது மட்டும்தான்.

பிறகு ஹெச்.ஆர்.டி என்ற கடைசி பெஞ்ச் அணி. 2012 மலேசியாவில் மழையைக் கணித்து மழை டயரோடு கிளம்பி, ரேஸ் நிறுத்தப்பட்டபோது அந்த ஓட்டைக் காரில் பத்தாவது இடத்தில் இருந்தார். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் வெட்டலோடு உரசியதும், அவர் கோபத்தில் "வெள்ளரிக்காய்" என்று திட்டியதும்தான் ஞாபகம் இருக்கிறது. (ஜெர்மன்காரர்களுக்கு வெள்ளரிக்காய் ஏன் கெட்ட வார்த்தையோ!)

சரி, மற்ற கிளைகள்? நம்ம ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் 1993-ல் ஃபார்முலா மாருதி ஓட்டியவர் 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 1999-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் வெற்றி. நாடுகளுக்கு இடையே நடந்த ஏ1 ஜிபி-யில் 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாயில் ஜெயித்தார். இந்திய அணிக்கு அது முதல் வெற்றி.

எனக்குப் பிடித்தது 2010. அமெரிக்காவில் நாஸ்கர் டிரக் சீரிஸ். பிக்கப் வண்டி உருவம், சுமார் 1500 கிலோ எடை. அவர் பழகியிருந்த ஃபார்முலா ஒன் கார் டிரைவரோடு சேர்த்தே 600 கிலோ சொச்சம்தான். மார்ட்டின்ஸ்வில் டிராக் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராது. இடது பக்கமே திரும்பிக்கொண்டு, பக்கத்து வண்டியை முட்டித் தள்ளி ஓட்டும் ஊர். 33 வயதில் ஆரம்பப் பாடத்திலிருந்து கற்றுக்கொண்டு, அங்கே முதல் ரேஸிலேயே 13-வது வந்தார். அந்த சீசனில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அபிமான டிரைவரும் அவர்தான். பாதி ஓட்டு நம்ம ஆட்களே குத்தியிருப்பார்கள் :-)

அமெரிக்கர்களிடம் மரியோ ஆண்ட்ரெட்டி என்று ஒருவர் உண்டு. 1967-ல் டேடோனா 500, 1969-ல் இண்டி 500, 1978-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். நரேனுக்கும் அவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஆண்ட்ரெட்டியை எடைபோடும்போது மூன்றையும் கூட்டித்தான் பேசுகிறார்கள். நாம் மட்டும் ஏன் ஒரே வரியை எடுத்துக் கழிக்கிறோம்?

இன்னொன்று. நரேன் இத்தனை வகை வண்டி ஓட்டியது ஆசைக்காக மட்டும் இல்லை. இந்த விளையாட்டில் சீட்டுக்கே விலை உண்டு. டாடா மாதிரி ஸ்பான்சர் பின்னால் நின்றும் அவருக்கு எதுவும் நிலைக்கவில்லை. 2011-ல் சீசன் பாதியில் ரெட் புல் தன் இளம் டிரைவர் ரிக்கார்டோவுக்காக இடம் பிடிக்க, இவர் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் இந்தியன் கிராண்ட் பிரி நடந்தபோதுதான் மறுபடி ஒரு ரேஸ் கிடைத்தது. பணம் எங்கே வழிவிட்டதோ அங்கே போய், கிடைத்த ஸ்டியரிங்கைப் பிடித்த மனுஷன்.

2014-லிருந்து ஜப்பானில் ஐந்து வருஷம் சூப்பர் ஃபார்முலா. அப்புறம் 2019-ல் சூப்பர் ஜிடி, அதாவது கூரை போட்ட கார்கள். அந்த நவம்பரில் ஃபூஜியில் ஜப்பானிய சூப்பர் ஜிடி-யும் ஜெர்மனியின் டிடிஎம்-மும் சேர்ந்து நடத்திய இரண்டாவது ரேஸில், ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டி முதலாவதாக வந்தவர் நரேன். வயது 42. டீக்கடையில் இதை எடுத்துச் சொன்னால், "அப்படியா? டிவியில போட்டானா?" என்கிறான் ஒருத்தன்.