ஆழ்கடலின் எச்சரிக்கை வன்னிக் கரையின் காதில் விழுமா?

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தபோது முல்லைத்தீவுக் கரை வழமைபோல் அமைதியாகவே இருந்தது. ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தன. ஒரு கிராமம் முழுவதும் எழுந்து நடந்து கரையை விட்டு விலகுவதற்கு அது போதுமான நேரமாகும். ஆயினும் முல்லைத்தீவிலிருந்து கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது வரையில் தமிழரும் முஸ்லிம்களும் எவ்வித முன்னறிவித்தலுமின்றியே அலையை எதிர்கொண்டனர். நாடு முழுவதிலும் 30,000 இற்கும் அதிகமானோர் மாண்டனர்.

கடலடியில் நிகழ்வதைக் கரைக்கு அறிவிக்கும் வழி எது என்ற கேள்வியை உலகம் அதன் பின்னரே தீவிரமாக எழுப்பியது. அதற்கான விடை எளிதானதல்ல. நமது கைத்தொலைபேசிகள் பயன்படுத்தும் வானொலி அலைகள் கடல்நீரில் சிறிது தூரத்திலேயே மாய்ந்துவிடுகின்றன. ஆகவே கடலுக்குள் பதிக்கப்படும் உணரிக் கருவிகள் ஒலியின் மூலமே பேசிக்கொள்ள வேண்டியுள்ளது. ஒலி நீரில் செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் தூரமே செல்லும். இது வானொலி அலையின் வேகத்தில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்காகும்.

இந்த வேகக் குறைவே தொடர்பாடல் நெறிமுறையை வகுப்போருக்குப் பெரும் சவாலாகியுள்ளது. தரையில் ஒரு கருவி, பிறர் பேசுகிறார்களா என்று செவிமடுத்த பின்னர் தன் செய்தியை அனுப்பலாம். மூன்று கிலோமீற்றர் இடைவெளியில் கடலடியில் கிடக்கும் இரு கருவிகளுக்கு அது பயன்படாது. ஒன்றின் குரல் மற்றையதை எட்ட இரண்டு செக்கன்கள் ஆகும். அதற்கிடையில் அதுவும் பேசத் தொடங்கிவிடும்; இரு செய்திகளும் மோதிச் சிதையும். எனவே ஒலி பயணிக்கும் நேரத்தையும் கணக்கிட்டு, யார் எப்போது பேசுவது என்று முன்கூட்டியே முறை வகுக்க வேண்டும். ஆழத்தில் மின்கலத்தை அடிக்கடி மாற்ற முடியாதாகையால் கருவி பெரும்பாலும் மௌனமாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்கா உருவாக்கிய ‘டார்ட்’ முறைமை இதற்கு நல்ல உதாரணம். 6,000 மீற்றர் வரையான ஆழத்தில் கிடக்கும் அமுக்கமானி 15 செக்கன்களுக்கு ஒருமுறை நீரின் அமுக்கத்தை அளக்கிறது. சாதாரண வேளைகளில் மிகச் சொற்பமாகவே பேசும். அளவு எதிர்பார்த்ததிலிருந்து விலகியதும் உடனடியாக மேலேயுள்ள மிதவைக்கு ஒலிச் செய்தி அனுப்பும். மிதவை அதனைச் செய்மதிக்கு அனுப்பும். சென்னையிலுள்ள தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிறுவனம் வங்காள விரிகுடாவில் இட்ட மிதவைகளும் இதே அடிப்படையில் இயங்குபவை. ஹைதராபாத்தில் 2007 ஒக்டோபரில் இயங்கத் தொடங்கிய இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் பிராந்திய நாடுகளுக்கும் தகவல் வழங்குகிறது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் நிலம் அதிர்ந்தபோது இலங்கையின் கரையோர மக்கள் முன்கூட்டியே வெளியேற முடிந்தது. அறிவியல் ஈட்டிய பலன் இது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கருவி பேசினால் மட்டும் போதாது. இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திராக் கரைக்கு அப்பால், மிதவையே இல்லாமல் ஒலி மூலம் பேசும் கடலடி உணரி வலையமைப்பொன்றை அமெரிக்க, இந்தோனேசிய ஆய்வாளர்கள் உருவாக்கினர். 2018 இல் சுலாவெசியின் பாலு நகரை ஆழிப்பேரலை தாக்கியபோது, வேறொரு கரைக்கான அந்தத் திட்டம், கரையை எட்டும் கடைசிச் சில கிலோமீற்றர் கம்பிவடத்துக்கு நிதியின்றித் தேங்கிக் கிடந்தது. ஆழ்கடலை வென்ற அறிவு கரையோரத்தில் தடுக்கி விழுந்தது.

நமக்கும் அந்தக் கடைசிக் கிலோமீற்றரே பிரச்சினை. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அனர்த்த முகாமைத்துவக் கட்டமைப்பு உருவானது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. எனினும் 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டைச் சூறையாடியபோது, தமிழில் எச்சரிக்கைகள் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. 6,000 மீற்றர் ஆழத்திலிருந்து சில நிமிடங்களில் மேலெழும் செய்தி, கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்கு வரும் வழியில் மொழி தெரியாமல் தயங்கி நிற்குமானால் அந்தத் தொழில்நுட்பத்தால் நமக்கு என்ன பயன்?

இவ்விடயத்தில் வன்னி வெறும் பயனாளியாக இருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் ஆகிய களப்புகள் அருகிலேயே உள்ளன. உவர்த்தன்மையையும் நீர்மட்டத்தையும் அளந்து ஒலியால் அறிவிக்கும் சிறு கருவிகளை அங்கே பரீட்சிக்கலாம். ஆழமற்ற வெப்பவலய நீரில் ஒலி அடியிலும் மேற்பரப்பிலும் பட்டுத் தெறிக்கும். ஒருவகை இறால்கள் கொடுக்கைச் சொடுக்கி ஓயாது இரையும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமது கடலின் இவ்விரைச்சலை ஆராய்ந்தே கருவிகளை வடிவமைத்தனர். நமது நீருக்கேற்ற நெறிமுறையை நமது மாணவர்களும் வகுக்கலாம்.

அதற்குக் கடற்றொழிலாளரின் நம்பிக்கை இன்றியமையாதது. 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட அடிமட்ட இழுவை மடி, கடலடிக் கருவிகளையும் வாரிச் சென்றுவிடும். மறுபுறம், கடலுக்குள் செவிமடுக்கும் கருவி என்றாலே கண்காணிப்பு என்று போரைக் கண்ட மக்கள் ஐயுறுவது இயல்பே. 2017 இல் வெளியான ‘ஜானஸ்’ என்னும் நீரடித் தொடர்பாடல் நியமம் நேட்டோவுடையது என்பதும் கவனிக்கத்தக்கது. கருவி எங்கே இருக்கிறது, எதை அளக்கிறது, தகவல் யாருக்குப் போகிறது என்பவை மீனவர் சங்கங்களுக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும்.

1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், போரினால் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் மீண்டு வந்து வாழும் மாவட்டம் முல்லைத்தீவு. கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் எச்சரிக்கைச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளாக முறைப்படி இணைக்கப்பட வேண்டும். மாவட்டச் செயலகம் ஆண்டுதோறும் அதனை ஒத்திகை பார்க்க வேண்டும். மீண்டும் ஒருமுறை அந்த இரண்டு மணித்தியாலங்கள் வீணாக அனுமதிக்கலாகாது.