எட்டாயிரம் ஏக்கரில் எங்களுக்கு ஒரு சென்ட் இல்லை

காக்காச்சியில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைக்கு மேலே, தேயிலை விலகிப் புல்வெளி விரிகிற இடத்தில், துரைமார் பந்து அடிக்க உண்டாக்கியது. டவுன்காரர்கள் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். பந்து உருட்ட அவ்வளவு நிலம் கிடைத்த மலையில், நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்த எங்கள் பேரில் ஒரு சென்ட் கிடையாது. இப்போது தோட்டத்தையே மூடிவிட்டார்கள்.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. வழக்குச் செலவில் ஏறிய கடனை அடைக்கத்தான் என்பார்கள். வாங்கியது பம்பாயிலிருந்து வந்த கம்பெனி. ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்குப் போன பிறகும் குத்தகை ஓடிக்கொண்டேதான் இருந்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அந்தக் காட்டில் எழுந்த எஸ்டேட்டுகள். ஐப்பசி, கார்த்திகையில் டி.வி.யில் மழை அளவு வாசிக்கும்போது இதில் பல பேர்களைத் தமிழ்நாடே கேட்கும். அந்த மழையில் நனைந்துகொண்டு நின்றவர்கள் யாரென்று ஒருத்தரும் கேட்டதில்லை.

எங்க ஆச்சியின் கையைப் பார்த்தால் தெரியும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற இடத்தில் கொழுந்துக் கறை ஏறி, தோல் வெடித்து, வெடிப்புக்குள் கறுப்புக் கோடு படிந்திருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு போனாலும், சாயங்காலம் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அப்படி உழைத்தவளுக்கு வேலைக்காலம் முடிந்ததும் என்ன மிச்சம்? வீட்டில் வேறு யாராவது தோட்டத்து வேலையில் இருந்தால் லைன் வீட்டில் தங்கலாம். இல்லாவிட்டால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதுதான். அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் வாடகைக்கு வீடு தேடி அலைந்த கிழவன் கிழவிகள் எத்தனையோ பேர்.

வாய் திறக்காமல் இருந்தோமா? திறந்தோம். அதற்குக் கிடைத்ததுதான் 1999 ஜூலை 23. கூலியை உயர்த்து, போராடிச் சிறைக்குப் போனவர்களை விடு என்று மனுக் கொடுக்கத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலம் அது. கொக்கிரகுளத்தில் தடியடி நடந்தது. அடிக்குப் பயந்து தாமிரபரணி ஆற்றில் இறங்கியவர்களில் பலர் உயிரோடு கரையேறவில்லை. எங்களவர்களும் எங்களுக்காக வந்தவர்களுமாக 17 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. மணிமுத்தாறாக எங்கள் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் போய்ச் சேர்வது அதே தாமிரபரணியில்தான். வருஷா வருஷம் அந்தத் தேதியில் கட்சிகள் வரிசையாக வந்து ஆற்றில் பூத் தூவுகின்றன. பூ யாருக்கு வேண்டும்? செத்தவர்களின் பிள்ளைகள் உயிரோடு கேட்கிறபோது எங்கே போனீர்கள்?

குத்தகை முடிய 2028 பிப்ரவரி வரை காலம் இருக்கிறது. 2024-லேயே கம்பெனிக்காரர்கள் விருப்ப ஓய்வுத் தாளை நீட்டிவிட்டார்கள். சொன்ன தேதிக்குள் கையெழுத்துப் போடு, வீட்டைக் காலி செய், அப்புறம்தான் முழுப் பணம் என்றார்கள். ஜூன் மாதத்தோடு வேலை நின்றது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க டேன்டீ என்ற தேயிலைக் கழகத்தை நடத்துகிற அரசு, எங்கள் தோட்டத்தையும் எடுத்து நடத்தட்டும் என்று கோர்ட்டுக்குப் போனோம். 2024 டிசம்பர் 3-ஆம் தேதி ஐகோர்ட் மதுரைக் கிளை மனுக்களைத் தள்ளுபடி செய்தது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம், காடாகவே திரும்ப வேண்டும், உங்களுக்கு மறுவாழ்வு உண்டு என்கிறார்கள்.

காடு வேண்டாம் என்று நாங்கள் எப்போது சொன்னோம்? சோலையை வெட்டித் தேயிலை நட்டது எங்கள் தாத்தாமாரின் ஆசையா? கூலிக்கு வெட்டினார்கள். லாபம் மலையை விட்டுப் போனது, காட்டைக் கெடுத்தவர்கள் என்கிற பழி மட்டும் எங்கள் தலையில் விழுகிறது. தேயிலையை எடுத்துவிட்டுச் சோலைக் கன்று நடுவதற்கும் ஆள் வேண்டும். அந்தச் சரிவில் மழையிலும் வழுக்காமல் நடக்கத் தெரிந்த கால் யாருடையது? அந்த வேலைக்காவது எங்களை முதலில் கூப்பிட்டிருக்க வேண்டாமா?

ரெட்டியார்பட்டியில் அடுக்குமாடி வீடு தருகிறோம் என்றார்கள். பனியில் பிறந்து பனியிலேயே நரைத்த பொம்பளை, பாளையங்கோட்டை வெயிலில், மாடியில் ஒரு அறைக்குள் உட்கார்ந்து என்ன செய்வாள்? வளர்த்த ஆட்டை எங்கே கட்டுவாள்? நாற்பது வயதில் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை பழகாதவளுக்கு டவுனில் யார் கூலி கொடுப்பார்கள்?

எங்கள் கோயில்களும் சர்ச்சுகளும் பள்ளிவாசலும் மேலேதான் இருக்கின்றன. எங்கள் செத்தவர்களும் அங்கேதான் கிடக்கிறார்கள். மணிமுத்தாறு செக்போஸ்டில் வெளியூர்க்காரன் அனுமதி வாங்கித்தான் மேலே போக வேண்டும். கல்லறைத் திருநாளுக்குத் தாத்தாவின் குழியில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிற பேரனும் இனிமேல் வெளியூர்க்காரனா?

2028-ல் அந்த மலையை ஏக்கர் ஏக்கராகக் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்குவார்கள். அதற்கு முன்னால் எங்கள் கணக்கைத் தீருங்கள். மணிமுத்தாறு அடிவாரத்தில் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், கொழுந்து பறித்த எங்கள் பெண்கள் பேரில் பட்டா. எங்கள் குழிமேடுகளுக்குப் போக யாரிடமும் சீட்டு வாங்க மாட்டோம், அதையும் எழுத்தில் கொடுங்கள்.