டாக்டர் – நர்சு – உதவியாளர் மோதல்: தவிப்பது நோயாளிதான்!

கீரனூரில் ஒருவருக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தால் பழனிக்கு ஓட வேண்டும். அங்கே முடியாது என்று சொல்லி விட்டால் திண்டுக்கல். அதற்கும் மேலே மதுரை. போய்ச் சேர்ந்த இடத்தில் வெள்ளை கோட்டு போட்டு எந்த ஆண் வந்தாலும் ஊர் ஜனங்களுக்கு அவர் "டாக்டர்"தான். பெண் என்றால், எம்.பி.பி.எஸ். படித்தவராக இருந்தாலும் "நர்சம்மா"தான்!

"ஏனுங்க, இப்ப வந்து பார்த்துட்டுப் போனது டாக்டருங்களா?"

இப்படிக் கேட்டால் பல இடங்களில் நேரான பதில் கிடைப்பது இல்லை. டாக்டர், நர்சு, டாக்டர் உதவியாளர் ஆகிய 3 தரப்பாருக்கும் இடையே நடக்கும் போட்டி முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது.

3 பேர், 3 குறை

டாக்டரின் குறை இது: நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி, அதற்கு முன்னால் "நீட்" தேர்வு. இத்தனையும் தாண்டி வந்தவரின் பக்கத்தில் இன்னொருவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் கோர்ட்டு படி ஏறுவது டாக்டர்தான். கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே தீர்ப்பு சொல்லி விட்டது.

நர்சின் குறை வேறு. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய் விடுவார். ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் நிற்பது நர்சு. மூச்சு மாறுவதை முதலில் பார்ப்பதும் அவர்தான். "நேற்று வந்த உதவியாளர் எங்களுக்கு உத்தரவு போடுவதா?" என்பது அவரது ஆத்திரம்.

உதவியாளர் பாடு நடுவில் மாட்டிய பாடு. தமிழ்நாட்டில் பிளஸ்-2 மார்க்கை வைத்து பி.எஸ்.சி. படிப்பில் சேர்க்கிறார்கள். 3 வருஷம் படிப்பு, 1 வருஷம் பயிற்சி. வெளியே வந்தால், "நீ டாக்டர் இல்லை" என்கிறார் டாக்டர். "நீ நர்சும் இல்லை" என்கிறார் நர்சு. அப்படியானால் அவர் யார்?

மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை தீரவில்லை.

பழைய கதை

இது இன்று நேற்று முளைத்த தகராறு அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் எல்.எம்.பி. என்ற குறுகிய படிப்பு படித்த டாக்டர்கள் இருந்தார்கள். கிராமங்களில் வைத்தியம் பார்த்தவர்களில் அவர்கள் ஏராளம். 1946-ல் சர் ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி, இனி ஒரே தர டாக்டர் போதும், எல்.எம்.பி. வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. கமிட்டியிலேயே சிலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எல்.எம்.பி. படிப்பு போயிற்று. பட்டணத்தில் டாக்டர்கள் பெருகினார்கள். பல கிராமங்களில் கம்பவுண்டரே டாக்டர் ஆனார்!

அமெரிக்காவிலும் இதே மாதிரிதான். டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர், அனுபவம் உள்ள நர்சுகளுக்குக் கூடுதல் வைத்தியம் கற்றுக் கொடுக்க முதலில் திட்டம் போட்டார். நர்சுப் படிப்புக்கு அங்கீகாரம் தரும் அமைப்பே அதை ஏற்கவில்லை. உடனே அவர் கடற்படையில் வைத்திய வேலை பார்த்துவிட்டு வந்த 4 பேரை வைத்து 1965-ல் புதுப் படிப்பு தொடங்கினார். டாக்டர் உதவியாளர் என்ற தொழில் பிறந்தது இப்படித்தான். பிறக்கும்போதே போட்டியோடு பிறந்த தொழில் அது!

இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-ல் சென்னையில் தொடங்கியது. இருதய டாக்டர் கே.எம்.செரியன் அதைக் கொண்டு வந்தார்.

சட்டமும் ஸ்டிரைக்கும்

2019-ல் தேசிய மருத்துவ கமிஷன் சட்டம் வந்தது. டாக்டர் அல்லாத சிலருக்கும் ஓர் அளவுக்கு வைத்தியம் பார்க்க லைசென்ஸ் கொடுக்கலாம் என்று அதன் 32-வது பிரிவு சொல்கிறது. "போலி டாக்டர்களுக்குக் கதவு திறக்கிறார்கள்" என்று கொதித்து, ஜூலை 31-ந்தேதி நாடெங்கும் டாக்டர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். 2021-ல் வந்த இன்னொரு சட்டத்தில் டாக்டர் உதவியாளர் பெயரும் சேர்ந்தது. ஆனாலும், "ஆஸ்பத்திரியில் இவர் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?" என்பது நோயாளிக்குத் தெரிகிறதா? இல்லை.

இங்கிலாந்தில் இந்தக் குழப்பம் பெரிய விவகாரமாகி விட்டது. உதவியாளரை டாக்டர் என்றே நினைத்து நோயாளிகள் ஏமாந்தார்கள். 2025 ஜூலையில் கில்லியன் லெங் என்ற பேராசிரியை அரசுக்கு அறிக்கை கொடுத்தார். "அசோசியேட்" என்ற பெயரை மாற்றி "அசிஸ்டெண்ட்" என்று வையுங்கள். யார் என்று பார்த்ததும் தெரியும்படி உடையும் பேட்ஜும் கொடுங்கள். இன்ன நோய் என்று தெரியாத நோயாளியை, சில விதிவிலக்கு தவிர, அவர்கள் பார்க்கக்கூடாது என்றார். பெரிய அறிக்கை. கீரனூர்க்காரர் கேட்ட அதே கேள்விக்குத்தான் பதில்!

ஒரே முதலாளி

2015-ல் தமிழக அரசு தேர்வு வைத்து நர்சுகளை வேலைக்கு எடுத்தது. சம்பளம் மாதம் ரூ.7 ஆயிரத்து 700. நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடினார்கள். 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் சம்பள உயர்வு கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். இரு தரப்புக்கும் முதலாளி ஒருவர்தான். ஆனால் போராட்டம் தனித்தனி! ஆள் பற்றாத வார்டில் ஒருவரை ஒருவர் முறைத்துக் கொள்வதால் லாபம் யாருக்கு? ஆள் போடாதவர்களுக்குத்தான்.

மரியாதைக்குக் கணக்கு உண்டு

மரியாதை என்பது கும்பிடு போடுவது அல்ல. அதற்குக் கணக்கே இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு பட்டியலாகப் போட்டது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள எல்லோரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளி சரிதானா, இடம் சரிதானா என்று எல்லோர் காதிலும் விழும்படி உறுதி செய்ய வேண்டும்.

டெல்லி உள்பட உலகின் 8 நகர ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். முன்பு ஆயிரத்துக்கு 15 பேர் இறந்த இடத்தில், பிறகு 8 பேர்தான் இறந்தார்கள். 2009-ல் வெளியான கணக்கு இது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டார்கள், அவ்வளவுதான்!

கடைசி முடிவு டாக்டர் கையில் இருக்கட்டும். பொறுப்பு அவருடையது. ஆனால், "டாக்டர், கொஞ்சம் நில்லுங்க, இந்த ஊசி அளவு ஜாஸ்தியா தெரியுது" என்று நர்சு சொன்னால் அந்தக் கை நிற்க வேண்டாமா?

இதே மாவட்டத்தில் காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். அதனால் அவர் டாக்டர் பட்டத்தின் மதிப்பு குறைந்து விடவில்லை.

செய்ய வேண்டியது

காசு செலவு இல்லாத வேலை மூன்று உண்டு. ஒன்று, "டாக்டர்", "நர்சு", "டாக்டர் உதவியாளர்" என்று கொட்டை எழுத்தில், தமிழில், ஒவ்வொருவர் சட்டையிலும் பேட்ஜ். இரண்டு, உதவியாளர் எந்த டாக்டரின் கீழ் வேலை செய்கிறார், என்னென்ன செய்யலாம் என்று சுவரில் போர்டு. மூன்று, நர்சு சந்தேகம் எழுப்பினால் அது கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். அதற்காக அவரை யாரும் விரட்டக்கூடாது.

காசு செலவு உள்ள வேலை ஒன்றே ஒன்று. காலியான இடங்களுக்கு ஆள் போட்டு, வேலைக்கேற்ற சம்பளம் கொடுப்பது.

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே நாளைய டாக்டர்கள் படிக்கிறார்கள். "வந்து பார்த்தது யாருங்க?" என்று கீரனூர் பாட்டி கேட்டால், பதில் சொல்வதும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்களா?