டெக் செத்தா கேசட்டும் செத்ததா?

பட்டணத்துல இருக்குற நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. பரணைச் சுத்தம் பண்றேன்னு ஏறி, அப்பா அம்மா கல்யாண கேசட்டைக் கண்டுபிடிச்சு, பழைய டெக்கில் போட்டுப் பார்ப்பாங்க. திரை முழுக்க வெள்ளைப் புள்ளியா கொட்டும். "கேசட் போச்சுப்பா"ன்னு ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லி, டெக்கையும் கேசட்டையும் சேர்த்துப் பழைய இரும்புக்காரர் வண்டியில ஏத்திடுவாங்க. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம் இது.

ஏன்னா எங்க பக்கத்துப் பெரியவங்க போட்டோவுல விறைப்பா நிப்பாங்க, அவ்வளவுதான். அவங்க நடந்தது, சிரிச்சது, பேசினது எல்லாம் கல்யாண கேசட்டுல மட்டும்தான் இருக்கு. எங்க அய்யா பந்தியில நின்னுக்கிட்டு "அவருக்கு இன்னொரு கரண்டி ஊத்துடா"ன்னு சத்தம் போடுறது இன்னைக்கு உலகத்துல அந்த ஒரு கேசட்டுல தவிர வேற எங்கேயும் இல்லை. அதை எடைக்குப் போட முடியுமா?

டெக்குக்குள்ள நடக்கிறது பெரிய ரகசியம் இல்லீங்க. டேப் அரை அங்குல அகலம், 12.7 மில்லிமீட்டர். அது 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம்மைச் சுத்தி ஓடும். நம்ம நாட்டு பால் முறையில அந்த டிரம் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தும். அதுல இருக்குற குட்டியூண்டு ஹெட்டுதான் படத்தைச் சாய்வுக் கோடா படிக்குது. சாதா டெக்கில் சத்தம் அப்படி இல்லை. டேப்போட மேல் ஓரத்துல நேர்கோடா இருக்கும், அதைப் படிக்க அசையாத வேற ஒரு ஹெட் இருக்கு. இது புரிஞ்சா பாதி வைத்தியம் முடிஞ்சுது. சத்தம் நல்லா வருது, படம் மட்டும் புள்ளி புள்ளியா கொட்டுதுன்னா, பெரும்பாலும் டிரம் ஹெட்டுல அழுக்கு. கேசட் மேல பழி போடாதீங்க. வேற ஏதாவது பழைய சினிமா கேசட்டைப் போட்டுப் பாருங்க. அதுவும் அப்படியே வந்தா குத்தம் டெக்கோடதுதான். மேலேயோ கீழேயோ ஒரு பட்டை மட்டும் கோடு கோடா ஓடினா, மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடி டிராக்கிங் பட்டனைத் திருகிப் பாருங்க.

டேப்பைத் தின்னுதா? அது ரப்பர் கோளாறு. வருஷக்கணக்கா சும்மா கிடந்தா உள்ள இருக்குற ரப்பர் இறுகிப்போய் வழுக்கும். ஆயில் எஞ்சின் ஓடும், பெல்ட் வழுக்கினா பம்பு சுத்தாது இல்லையா, அதே கதை. ஒரு பக்கம் ரோலர் டேப்பைத் தள்ளிக்கிட்டே இருக்கும், சுருட்ட வேண்டிய சக்கரம் நின்னுடும், டேப் உள்ளேயே குவியும். அப்போ வெடுக்குன்னு இழுத்தீங்கன்னா எல்லாம் போச்சு.

திறக்குறதா இருந்தா பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறங்க. பிடுங்கின பிறகும் கரண்ட் வர்ற பக்கத்துப் பலகையில கை வைக்கக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு பிரியாத மெல்லிய தோல் துணியில தொட்டு, டிரம் மேல லேசா ஒட்டினாப்புல வச்சுக்கிட்டு, இன்னொரு கையால டிரம்மோட மேல்பகுதியைப் பிடிச்சு மெதுவா சுத்துங்க. துணி அசையக் கூடாது. மேலும் கீழும் தேச்சா ஹெட் முனை உடைஞ்சிடும். காது குடையுற பஞ்சுக் குச்சி ஹெட்டுக்கு ஆகவே ஆகாது. நல்லா காய்ஞ்ச பிறகுதான் கேசட்டைப் போடணும்.

இன்னொண்ணு, மூடி திறந்த டெக்கை வெயில் விழுற இடத்துல ஓட்டிப் பார்க்காதீங்க. டேப்போட ரெண்டு நுனியும் கண்ணாடி மாதிரி இருக்கும், அது வழியா வெளிச்சம் போனா "டேப் முடிஞ்சுது"ன்னு டெக் நின்னுக்கும். வெயில் பட்டாலும் அப்படியே ஏமாந்து நிக்கும். உடனே "போர்டு போச்சு"ன்னு பயந்துடுவோம்.

கேசட்டோட ஜன்னல் வழியா பார்த்தா வெள்ளையா பூசணம் தெரியுதா? அதை மட்டும் ஓட்டவே வேண்டாம். பூசணம் பிடிச்ச கடலையை நல்ல கடலையோட கொட்டின மாதிரி ஆகிடும், அடுத்து போடுற கேசட்டுக்கெல்லாம் அது ஒட்டும். அந்த வேலை தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

காசு வாங்கிக்கிட்டு மாத்தித் தர்ற கடைங்களையும் கண்ணை மூடி நம்ப முடியாது. எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு "உள்ள ஒண்ணுமே இல்லை, காலி கேசட்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. கடை பேர் வேண்டாம். ஹெட் துடைச்ச எங்க டெக்கில் அதே கேசட்டுல தாலி கட்டுறதுல இருந்து மறுவீடு வரைக்கும் ஓடுச்சு.

ஜப்பான்ல ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோட வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திட்டாங்க. இனி உதிரி பாகம்னா பழைய டெக்கில் இருந்துதான். செத்த டெக் ரெண்டு சேர்ந்தா ஒண்ணு பிழைக்கும், அதனால எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க.

டெக் ஓட ஆரம்பிச்சதும் ஊரைக் கூட்டிக் காட்டிக்கிட்டு இருக்காதீங்க. முதல் ஓட்டத்துலயே மஞ்சள் வயரையும் சத்தத்தோட வயரையும் கம்ப்யூட்டர்ல பிடிக்கிற கருவியில மாட்டிப் பதிவு பண்ணிடுங்க. ரெண்டு இடத்துல வைங்க, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு ஊர்ல அம்மாகிட்ட பென் டிரைவுல. அவங்க டி.வி.யில போட்டுப் பார்த்துப்பாங்க.